தாழ்த்திய ஸ்பிரிங் போட்ட பழைய கூபே: சத்தம், ஆட்டம், சாய்வு வந்தால் எங்கே தொடங்குவது

"அண்ணா, ஸ்பிரிங் மாற்றியதிலிருந்து முன்பக்கம் டக் டக் என்கிறது. போலிச் சரக்காக இருக்குமோ?"

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் பழைய கூபே வண்டிகளில் பலவும் இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. டொயோட்டா 86, ஹோண்டா இன்டெக்ரா டிசி5, மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்றவை. பத்து ஆண்டு முடிந்து, சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து, ஆசையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் வண்டிகள். பழி புது ஸ்பிரிங் மீது விழுகிறது. கழற்றிப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்: ஸ்பிரிங்கோடு ஒட்டி நிற்கும் வயதான அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழல்), காய்ந்துபோன ரப்பர் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை), போல்ட்டை முடுக்கிய விதம்.

கீழே அறிகுறி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமலோ குறைந்த செலவிலோ சரியாகக்கூடிய காரணம் முதலில் வரும், பணப்பையைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே போங்கள். நேராகக் கடைசிக்குத் தாவி, நல்ல அப்சார்பரைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

சமதளத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். பின்பெட்டியில் உள்ள சாமான்களை இறக்கிவிடுங்கள். பிறகு அளவு நாடாவை எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். பின்னால் வரும் பல சோதனைகளுக்கு இந்த நான்கு எண்கள் தேவைப்படும்.

வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு வைக்காமல் கீழே போகாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பித் தலையை உள்ளே விடக்கூடாது. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியில் நடுவில் இருக்கும் நட்டை, ஸ்பிரிங் அமுக்கியால் அமுக்காமல் கழற்றவே கழற்றாதீர்கள். அந்த ஸ்பிரிங் ஒரு மனிதனின் தாடையை உடைக்கப் போதுமான விசையோடு காத்திருக்கிறது. அமுக்கி வைத்து வேலை செய்து பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பகுதியைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

அறிகுறி 1: முன்பக்கம் சத்தம்

எப்போது கேட்கிறது என்பதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரிகிறது.

*சின்னச் சின்னப் பள்ளங்களில், மெதுவாகப் போகும்போது 'டக் டக்'*

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) லிங்க் ராட். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். சிறிய ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலும் அதுதான் ஆள். வண்டி தாழ்ந்ததும் இந்த ராட் நிற்கும் கோணம் மாறுகிறது. அதன் முனையில் பத்து ஆண்டு ஓடிய பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) அந்தப் புதுக் கோணத்தில் தன் தளர்ச்சியைக் காட்டிவிடுகிறது. மலிவான பாகம், அரை மணி நேர வேலை.

லிங்க் ராட் இறுக்கமாக இருந்தால், பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் உச்சியைப் பாருங்கள். ஒருவர் மட்கார்டை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் மேல் மவுண்ட் மீது விரல் வையுங்கள். தட்டுவது விரலில் உணரப்பட்டால் நடு நட்டு சரியாக முடுக்கப்படவில்லை, அல்லது மவுண்டின் ரப்பர் போய்விட்டது. நட்டு தளர்ந்திருந்தால், தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு கைச்சாவியால் முடுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்தால் தண்டும் சேர்ந்து சுழன்று சீலைக் கெடுக்கும்.

இரண்டும் இல்லையென்றால் கீழ்க்கையின் (சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் கை) பால் ஜாயிண்ட், அதன்பின் கீழ்க்கைப் புஷ். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள். ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

*நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஒரு அதிர்வு*

86, டிசி5 இரண்டிலும் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழலும். உச்சியில் உள்ள பேரிங் அந்தச் சுழற்சிக்கு இடம்கொடுக்க வேண்டும். இடம்கொடுக்காவிட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் விடுபட்டு 'டொய்ங்' என்று குதிக்கிறது.

முதலில் ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் உள்ள படியைத் தொட்டு உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படியைத் தாண்டி ஏறி நின்றாலோ, ஒரு விரற்கட்டை தள்ளி நின்றாலோ மறுபடியும் அமுக்கித் திருப்பி உட்கார வைக்க வேண்டும். ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கமான சுற்றும் அகன்ற சுற்றும் கலந்த ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டு வந்த வண்டிகள் உண்டு. உட்கார்ந்த விதம் சரியென்றால் மேல் பேரிங்கை மாற்றுங்கள். ஸ்பிரிங் மாற்றும்போதே புது மவுண்ட், பேரிங் போட்டிருந்தால் இந்தச் செலவு ஒரே கூலியில் முடிந்திருக்கும். பழைய வண்டியில் அதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆர்எக்ஸ்-8இல் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. அங்கே அப்சார்பர் சுழல்வதில்லை. ஆகவே திருப்பும்போது சத்தம் வந்தால் ஸ்பிரிங்கைத் தொடாமல் நேரே பால் ஜாயிண்டுகளையும் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனைகளையும் பாருங்கள்.

*பெரிய வேகத்தடையில் ஒரே ஒரு பலத்த அடி*

இது தளர்ந்த பாகத்தின் சத்தமாக இருக்காது. அப்சார்பர் தன் ஓட்டத்தின் முடிவுக்கு வந்து பம்ப் ஸ்டாப்பில் (தண்டில் இருக்கும் நுரைத் தடுப்பு) மோதுகிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: சவாரி கெட்டுவிட்டது

இங்கேதான் அதிகக் குழப்பம். கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் இரண்டு வேறு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடுகிறது. மற்றொன்று, ஆட்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் முதுகெலும்பில் அடி விழுகிறது. மருந்து வேறு வேறு.

*ஆடிக்கொண்டே இருந்தால்*

அப்சார்பர் களைத்துவிட்டது. புது ஸ்பிரிங் பழையதைவிடக் கடினமானது. அது திரும்பி எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வலு பழைய அப்சார்பரில் இல்லை. மட்கார்டைக் கையால் அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனையைக் கடினமான ஸ்பிரிங் போட்ட வண்டியில் நம்பாதீர்கள். கையின் பலத்துக்கு அது அசைவதே இல்லை, நல்லது போலவே காட்டும்.

அதற்குப் பதில் இரண்டு சோதனைகள். அப்சார்பர் உடலை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் தூசி ஒட்டியிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஈரமாக வழிந்து கீழ்த்தட்டு வரை இறங்கியிருந்தால் ஆயுள் முடிந்தது. அடுத்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். மேடும் பள்ளமும் மாறி மாறி, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பல மாதங்களாகத் தரையில் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

மாற்றினால் இடதும் வலதும் சோடியாக மாற்றுங்கள். தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு ஏற்ற அப்சார்பரைக் கேட்டு வாங்குங்கள். பில்ஸ்டீனில் பி6 அசல் உயரத்துக்காகச் செய்தது. பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. பெட்டி ஒரே மாதிரி இருக்கும், எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். கோனியின் மஞ்சள் நிற அப்சார்பரில் எழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்று தெரியாமல் வாங்கிவிட்டவர்களுக்கு அது பெரிய உதவி. பணம் குறைவென்றால் கேஒய்பியின் சாதாரண மாற்று அப்சார்பரோடு, மிதமாகத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைச் சேர்த்தால் தினசரி ஓட்டத்துக்குப் போதும்.

*அடி விழுந்தால்*

இதற்கு ஒரு சோதனை உண்டு. செலவு ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை மட்டும். சக்கரத்தைக் கழற்றி, அப்சார்பரின் தூசி உறையை மேலே தூக்கி, பளபளக்கும் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டுப்பட்டையைக் கட்டுங்கள். இறுக்கமாக வேண்டாம், கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு. அதை அப்சார்பர் உடலின் விளிம்பு வரை கீழே தள்ளிவிட்டு உறையை இறக்குங்கள். ஒரு நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள்: வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுகள், குடியிருப்புச் சாலை வேகத்தடைகள், விரைவுச்சாலை, எல்லாம். மாலையில் மறுபடி திறந்து பாருங்கள். அப்சார்பர் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அதுவரை பட்டை மேலே ஏறி நிற்கும்.

சென்ற மாதம் ஒரு தம்பியின் 86இல் அப்படிப் பார்த்தோம். பட்டை பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டி, அதன் நுரைக்குள் பாதி புதைந்து கிடந்தது. பம்ப் ஸ்டாப்பை விரலால் தொட்டேன். காய்ந்த கேக் போல உதிர்ந்து உள்ளங்கையில் மஞ்சள் தூளாக விழுந்தது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அந்த நுரையைப் பத்து ஆண்டில் இப்படித்தான் ஆக்குகின்றன. அவர் நான்கு அப்சார்பரும் காயில்ஓவரும் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் தொகுப்பு) விலை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். புது பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் போட்டதும் அடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

வரிசை இது. முதலில் பம்ப் ஸ்டாப் இருக்கிறதா, முழுதாக இருக்கிறதா. அடுத்து, ஸ்பிரிங் தயாரித்தவர் பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லியிருக்கிறாரா என்று அவருடைய குறிப்பில் பாருங்கள். சிலர் வெட்டச் சொல்வார்கள், சிலர் கூடாது என்பார்கள். சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், முழுவதும் எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் உலோகம் உலோகத்தில் மோதி அப்சார்பரின் உள்வால்வு உடையும். அதன்பிறகும் பட்டை ஒவ்வொரு நாளும் உச்சிக்கே ஏறினால், ஸ்பிரிங் உங்கள் அப்சார்பருக்கு மிகவும் குட்டை. 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அமுங்குவதற்கான ஓட்டத்தில் அந்த 30 மில்லிமீட்டரும் போகிறது. குட்டை அப்சார்பர் வாங்க வேண்டும், அல்லது மிதமான ஸ்பிரிங்குக்கு மாற வேண்டும்.

அறிகுறி 3: ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது, அல்லது பின்பக்கம் இறங்கவே இல்லை

ஆரம்பத்தில் குறித்த நான்கு எண்களை எடுங்கள். இடது, வலது வித்தியாசம் சில மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு விரல் தடிமன் அளவுக்கு இருந்தால் காரணம் தேட வேண்டும்.

ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ரப்பர் தட்டு விடுபட்டதா என்று பாருங்கள். முன் ஸ்பிரிங் பின்னே போய்விட்டதா என்று பாகத்தின் எண்ணைப் பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது புஷ் முடுக்கிய முறையை.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. கீழ்க்கையின் ரப்பர் புஷ் உருள்வதில்லை, முறுக்குகிறது. நடுவில் உள்ள இரும்புக் குழலைப் போல்ட் இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெளிவளையம் கையோடு அசைகிறது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் முறுகி விடுபடுகிறது. வண்டி லிஃப்டில், சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை என்று ஆகிவிடும். கீழே இறக்கியதும் ரப்பர் முழு முறுக்கில் நின்று வண்டியை மேலே தள்ளும். தாழ்த்திய வண்டியில் முறுக்கு இன்னும் அதிகம். உயரம் தவறாகக் காட்டும், சவாரி விறைக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும்.

ஒருமுறை இன்டெக்ரா ஒன்று வந்தது. பின்பக்கம் இடது வலதைவிட 12 மில்லிமீட்டர் உயரமாக நின்றது. வேறு இடத்தில் பொருத்தியவர் ஸ்பிரிங்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பியிருந்தார். சக்கரங்கள் பலகையில் நிற்க, வண்டி தன் எடையில் உட்கார்ந்திருக்க, இடது பின் கீழ்க்கையின் உட்போல்ட்டைத் தளர்த்தினேன். 'சடக்' என்று ஒரு சத்தம். வண்டி கண்ணெதிரே மூச்சு விட்டது போல் இறங்கி உட்கார்ந்தது. அங்கேயே, அந்த உயரத்திலேயே போல்ட்டை, விசையை அளந்து முடுக்கும் டார்க் சாவியால் முடுக்கினேன். அளந்தால் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்.

ஆகவே புது ஸ்பிரிங் பொருத்துபவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது முடுக்குங்கள்." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

முடுக்கியபின்னும் பக்கம் சாய்ந்தே இருந்தால் புஷ் கிழிந்திருக்கிறது, அல்லது துணைச்சட்டம் வளைந்திருக்கிறது. பழைய விபத்து வண்டியாக இருக்கலாம். சட்டத்தை அளக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். வீட்டில் செய்யும் வேலை முடிந்துவிட்டது.

அறிகுறி 4: டயர் உள்விளிம்பு தேய்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

ஸ்பிரிங் போட்ட அன்றே அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தை நேர்ப்படுத்துவது) செய்யாதீர்கள். சில நாட்கள் ஓட்டுங்கள், ஸ்பிரிங் தன் இடத்தில் அமரட்டும், பிறகு செய்யுங்கள். ஸ்டியரிங் மிகவும் கோணலாக இருந்தால் மட்டும் முதல் நாள் தோராயமாகச் சரிசெய்து, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லோரும் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்) மீது பழி போடுவார்கள். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு). உள்விளிம்பில் கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல் கீறினால் டோ தவறு. அலைன்மெண்ட் கூலியோடு முடியும். இரு திசையிலும் வழவழப்பாக, ஆனால் உள்பக்கம் மட்டும் குறைந்திருந்தால் கேம்பர்.

86இல் முன் கேம்பரைச் சரிசெய்ய அசல் அமைப்பில் வழியில்லை. ஸ்ட்ரட்டைச் சக்கரத் தாங்கியோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் கேம்பர் போல்ட்டாக மாற்றலாம், மலிவு. பின்பக்கம் டோ மட்டும் சரிசெய்யலாம். கேம்பருக்கு நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கை வாங்க வேண்டும், அது செலவு. மிதமாகத் தாழ்த்திய வண்டிக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. டிசி5இல் டை ராட் ஸ்ட்ரட்டின் மேல்பகுதியில் பிடிப்பதால், தாழ்த்தும்போது டோ நிறையவே மாறும். அந்த வண்டியை அதிகம் தாழ்த்த வேண்டாம் என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்ட முடியாது. வெளிப்பக்கம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், சக்கரத்தைத் திருப்பி உள்விளிம்பைப் பாருங்கள். மழை நாளில் விரைவுச்சாலையில் அந்த உள்விளிம்புதான் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும்.

அறிகுறி 5: விளக்கு வெளிச்சம் அருகிலேயே விழுகிறது

முகப்பு விளக்கின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் வண்டிகளில், பின் கைக்கு அருகே ஒரு சிறிய உணரி இருக்கும். வண்டி தாழ்ந்ததும் பின்னால் பாரம் ஏற்றியதாக அது எண்ணி விளக்கைக் குனிய வைக்கிறது. விளக்கின் திருகைத் திருப்பாதீர்கள். உணரியின் சிறு இணைப்புத் தண்டை நீளம் மாற்றக்கூடியதாக மாற்றி, விளக்கு உயரத்தைக் கருவி வைத்து மறுபடி அமைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: உரசல்

முழுதாகத் திருப்பும்போது உரசினால் மட்கார்டு உட்புற உறையின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அடியில் உரசினால் கீழ்மூடியின் கிளிப்பு. இரண்டும் சரியாக இருந்தும், ஆள் ஏறும்போது மட்டும் பின்பக்கம் உரசினால் டயர் அகலமோ சக்கரத்தின் ஆஃப்செட்டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) தவறாக இருக்கலாம்.

எல்லாம் சரிசெய்தும் பிடிக்கவில்லை: வேறு ஸ்பிரிங் வாங்கலாமா

வாங்கும் முன் சிஓஇ எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அதை மறுபடி நீட்டிக்க முடியாது; வண்டி அந்த நாளோடு போய்விடும். இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும் வண்டிக்குக் காயில்ஓவர் வாங்குவதை நான் தடுத்தே தீருவேன். நல்ல அப்சார்பர், 25 முதல் 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங், புது மவுண்ட், பம்ப் ஸ்டாப், லிங்க் ராட்: அந்தத் தொகுப்பு போதும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து எட்டு ஆண்டு மிச்சம் இருந்தால் புஷ் அனைத்தையும் மாற்றிவிட்டு, அதன்பின் காயில்ஓவரை யோசியுங்கள். புஷ் பழையதாக இருக்கும்போது விலையுயர்ந்த காயில்ஓவர் போட்டால் அதன் நேர்த்தி உங்கள் கைக்கு வந்து சேராது.

பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அடிப்பகுதியையும் சக்கர நேர்த்தியையும் பார்ப்பார்கள். வாங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றம் குறித்த விதிகளைப் படியுங்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். கழற்றிய அசல் ஸ்பிரிங்குகளைக் குப்பைக்குப் போட வேண்டாம். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பழைய செய்தித்தாளில் சுற்றி, முன், பின் என்று எழுதிக் கட்டி வையுங்கள்.